இருபத்து நாலு தெர்மாமீட்டரும் ஒரு ப்ளஸ் ஏழும்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஊட்டியில் நல்ல மழை. கோபியிலிருந்து கல்யாணமாகி மலையேறிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் தந்தியடித்தது. கல்லூரி வேதியியல் துறையில் லேப் டெக்னீஷியன் வேலை. அப்போதிருந்த துறைத்தலைவர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு டிராயரை இழுத்துக் காட்டினார்.

“இருபத்தி நாலு தெர்மாமீட்டர் இருக்குதும்மா. எது சரியாக் காட்டுது, எது பொய் சொல்லுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. தண்ணியைக் கொதிக்க வெச்சு ஒவ்வொண்ணா உட்டுப் பாரு. நூறு காட்டோணும். எவ்வளவு குறையுதோ, அதைச் சீட்டுல எழுதிக் கட்டி உடு.”

கொதிக்க வைத்தேன். முதல் தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றில் நின்றது. அடுத்ததும் தொண்ணூற்று மூன்று. மாலை நான்கு மணிக்கு இருபத்து நாலும் முடிந்தபோது எல்லாமே அதே தொண்ணூற்று மூன்றுதான். மொத்தமாக வாங்கிய மட்டச் சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். சின்னச் சின்னச் சீட்டாக வெட்டி, என் முத்து முத்தான கையெழுத்தில் ‘+7’ என்று எழுதி, நூலால் கட்டித் தொங்கவிட்டேன். துறைத்தலைவர் பார்த்துவிட்டு, “வேலைன்னா இப்படி இருக்கோணும்” என்றார். அந்தப் பாராட்டு எனக்குப் பல வருடம் தாங்கியது.

அது அப்படியே லேபின் வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் சூட்டைப் படித்ததும் ஏழைக் கூட்டித்தான் நோட்டில் எழுதுவார்கள். ஒன்று உடைந்து புதிதாக வந்தால், அதையும் கொதிநீரில் சோதித்து, அதற்கும் ஏழு என்று கண்டு, சீட்டுக் கட்டினேன். இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது.

2. மணலில் இருப்பதைப் பாட்டிலில் செய்வது

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் மோனசைட் என்று ஒரு தாது கிடைக்கும். லாந்தனம், சீரியம் போன்ற அருமண் தனிமங்களின் பாஸ்பேட் அது. கூடவே கொஞ்சம் தோரியம், அதாவது கதிரியக்கமுள்ள தனிமம், அதற்குள் சிறைப்பட்டிருக்கும். கோடிக்கணக்கான வருடம் மழையும் கடலும் அடித்தும் தோரியத்தை அது வெளியே விட்டதில்லை. அதனால்தான் அணுக்கழிவை இப்படிப்பட்ட பாஸ்பேட்டுக்குள் பூட்டி வைக்கலாமா என்று உலகத்தில் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் துறைக்கும் அதில் ஒரு சின்ன பிராஜெக்ட் கிடைத்தது. அதை நடத்தியவர் ரஃபீக் சார். ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வாய் கொஞ்சம் நெருப்பு, மனசு தங்கம். ஆராய்ச்சி மாணவி சுகந்தி, தேவாலாவில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கூடலூர் பஸ்ஸைப் பிடித்துப் படித்து மேலே வந்தவள். ஒரு மில்லிகிராம் கூடினாலும் திரும்ப எடை போடுகிற ஜாதி. மூன்றாவது ஆள் நான்.

உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வாட்டினால் மோனசைட் சுலபமாக வரும். எங்கள் பந்தயமே உலை இல்லாமல் செய்வதுதான். லாந்தனம் நைட்ரேட்டையும், கொஞ்சம் கால்சியத்தையும் தோரியத்தையும் பாஸ்பாரிக் அமிலத்தில் சேர்த்தால் வெள்ளையாகக் குழம்பு போல வீழ்படியும். அதை டெஃப்லான் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி, ஓவனில் தொண்ணூற்று ஆறு டிகிரியில் ஒன்பது நாள் வைக்க வேண்டும். முதலில் உருவாவது ராப்டோபேன். அது தனக்குள் தண்ணீரை வைத்திருக்கும் வேறொரு படிகம். நாள் ஆக ஆகத் தண்ணீரை உதறிவிட்டு அது மோனசைட்டாக மாற வேண்டும். கீழே சமவெளியில் ஒரு லேபில் இப்படிச் செய்து காட்டியிருந்தார்கள். மலையில் எங்களால் முடியாதா என்ன?

தோரியம் என்றதும் வாட்ச்மேன் எங்கள் லேப் பக்கம் டீ கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். நாங்கள் எடுத்ததோ சிட்டிகை அளவு. அதன் முக்கியமான கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. பொடி மூக்கிலும் வாயிலும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய காரியம். கையுறை, புகைபோக்கி அலமாரி, சட்டையில் கதிர் அளக்கும் பேட்ஜ், பூட்டிய பீரோ, ஸ்டாக் ரிஜிஸ்டர் எல்லாம் முறைப்படி இருந்தன. ஓவன் மட்டும் பழசு. அதன் டயலை நம்ப முடியாது. மேலே உள்ள ஓட்டையில் தெர்மாமீட்டரைச் செருகி, அதைப் பார்த்துத்தான் சூட்டைச் சரிசெய்வோம்.

எண்பத்து ஒன்பதில் நிறுத்தினேன். ப்ளஸ் ஏழு, தொண்ணூற்று ஆறு. கணக்குச் சரி.

3. போகாத கூம்பு

தயாரித்த பொடியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி எக்ஸ்ஆர்டி எடுப்போம். எக்ஸ் கதிரை அடித்தால் ஒவ்வொரு படிகமும் தன் கைரேகையைக் கூம்பு கூம்பாகக் கிராஃபில் காட்டும். எங்கள் கிராஃபில் மோனசைட்டின் கூம்புகள் இருந்தன. கூடவே பதினாலரை டிகிரி கோணத்தில் குட்டியாக இன்னொன்று எட்டிப் பார்த்தது. அது ராப்டோபேனின் கூம்பு.

இரண்டாவது பேட்ச்சிலும் அது போகவில்லை. மூன்றாவது பேட்ச்சின் கிராஃப் ரஃபீக் சாரின் போனுக்கு வந்தபோது ரிவ்யூ கமிட்டி வர இருபதே நாள் இருந்தது. அவர்கள் திருப்திப்பட்டால்தான் பிராஜெக்ட் நீளும். சார் போனை மேஜையில் வைத்த வேகத்தில் பேனா உருண்டு விழுந்தது.

“சுகந்தி, மூணு தடவைம்மா. மூணு தடவையும் அதே அழுக்கு. எடையில எங்கயோ கோட்டை விடுற.”

“இல்லைங்க சார். ரெண்டு ரெண்டு தடவை போட்டுத்தான் எழுதுறேங்க.”

“அப்ப நடுவுல ஓவனைத் தொறந்தியா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப பேய் வந்து தொறந்துச்சா? செல்விம்மா பார்த்துக்கற சூட்டுல தப்பு வராது. மிச்சம் இருக்கறது நீதான். இதே மாதிரி போனா ரிவ்யூ முடிஞ்சதும் வேற ஆளைத்தான் பார்க்கோணும்.”

சுகந்தி அழவில்லை. எடை ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தராசு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வருட உழைப்பு. எஸ்டேட்டில் இலை பறிக்கும் அவள் அம்மா ஊரெல்லாம் “எம்புள்ள டாக்டராகப் போறா” என்று சொல்லி வைத்திருந்தார். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘செல்விம்மா சூட்டுல தப்பு வராது’ என்று சார் சொன்னது காதுக்கு இனிப்பாகவும் இருந்தது.

4. நான் உயிரோடிருக்க வாய்ப்பில்லை

மறுநாள் காலையிலிருந்தே எனக்கு உடம்பு வலி. நாலு நாளாக விடாத மழை. காய்ச்சலோ என்று சந்தேகம். முதலுதவிப் பெட்டியில் மாத்திரை இருந்தது, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இல்லை. போன மாதம் வந்த புது லேப் தெர்மாமீட்டர் ஒன்று, எந்த ரசாயனத்தையும் தொடாதது, சீட்டோடு உறையில் இருந்தது. அதைத் துடைத்து அக்குளில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து, வெளியே எடுக்காமலே குனிந்து பார்த்தேன். முப்பத்தேழு. கை தன்னால் பென்சிலை எடுத்து ஏழைக் கூட்டியது. நாற்பத்து நான்கு.

நாற்பத்து நான்கு டிகிரிக் காய்ச்சலில் மனுஷி ஸ்டூலில் உட்கார்ந்து பென்சில் பிடிக்க மாட்டாள். நானாகவே சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாற்பத்து நான்கு பொய், எனக்குக் காய்ச்சலே இல்லை. அப்படியென்றால் இந்தத் தெர்மாமீட்டர் காட்டிய முப்பத்தேழு சரி. முப்பத்தேழில் சரியாகக் காட்டுவது தொண்ணூற்று மூன்றில் மட்டும் எப்படி ஏழு குறையும்?

ஓடினேன். ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்துப் பீக்கரில் நுணுக்கிப் போட்டு, டிராயரில் இருந்த எல்லாத் தெர்மாமீட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன். ஏழு குறைவாகக் காட்டுகிறவையாக இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழு காட்ட வேண்டும். எல்லாமே பூஜ்ஜியத்தில் நின்றன. இருபத்து நாலும் உத்தமமான தெர்மாமீட்டர்கள்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. மலை மேலே காற்றின் அழுத்தம் குறைவு. ஊட்டி உயரத்தில் தண்ணீர் நூறு வரை போவதே இல்லை. தொண்ணூற்று மூன்றிலேயே கொதித்துவிடுகிறது. தெர்மாமீட்டர்கள் முதல் நாளிலிருந்து என்னிடம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் அவற்றின் கழுத்தில் சீட்டுக் கட்டிவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் சொன்னார், “இங்க குக்கர் இல்லாமப் பருப்பு வேகாது கண்ணு” என்று. இருபத்திரண்டு வருடம் குக்கரில்தான் பருப்பு வைக்கிறேன். காலையில் அடுப்படியில் தெரிந்த விஷயம் பத்து மணிக்கு லேபுக்குள் நுழைந்ததும் மறந்துபோகும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் கறிக்குத் தெரிந்திருந்தது ஏட்டுக்கு எட்டவில்லை.

ஆக எங்கள் ஓவன் தொண்ணூற்று ஆறில் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று பேட்ச்சும் எண்பத்து ஒன்பதில்தான் வெந்திருக்கின்றன. அரைவேக்காடு. அந்தப் பதினாலரைக் கூம்பைப் போட்டவள் சுகந்தி இல்லை, நான்.

5. சொல்வதா, விடுவதா

ஒரு யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சீட்டை எல்லாம் அவிழ்த்து எறிந்துவிட்டு, ஓவனை நிஜமான தொண்ணூற்று ஆறில் வைத்துவிட்டால் அடுத்த பேட்ச் தானாகச் சரியாகிவிடும். யாருக்கும் காரணம் தெரியாது. என் இருபத்திரண்டு வருடப் பேர் அப்படியே இருக்கும். ‘இந்தத் தடவையாவது ஒழுங்கா எடை போட்டாளே’ என்று சுகந்தியைச் சொல்வார்கள்.

அந்த வாக்கியம் மனதில் வந்ததும் எழுந்துவிட்டேன். தராசு அறைக் கதவைத் தட்டி அவளையும் கூட்டிக்கொண்டு நேராக ரஃபீக் சார் அறைக்குப் போனேன்.

“சார், சுகந்தி மேல தப்பில்லைங்க. தப்பு என்னுதுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். சார் கையை நீட்டி என்னிடமிருந்த தெர்மாமீட்டரை வாங்கினார். சட்டைப் பட்டனைக் கழற்றித் தன் அக்குளில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குனிந்து பார்த்தார். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எரிந்து விழுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் இந்த மார்க்கெட்டுல பொறந்தவன்ம்மா” என்றார் மெதுவாக. “எங்க ஊட்டுக் கல்யாணத்துக்குக் கீழருந்து சமையல் பண்டாரி வந்தா, பிரியாணிக்கு அடுப்பு மூட்டறதுக்கு முன்னாலயே சொல்லுவோம், பாய், இங்க நேரம் கூட வெக்கோணும்னு. அந்த நானே உங்க சீட்டைப் பார்த்து ஏழு கூட்டிருக்கேன். இந்த லேப்லருந்து ரெண்டு பேப்பர் போயிருக்குது. ரெண்டுலயும் சூட்டைத் திருத்திக் கடிதாசி எழுதோணும்.”

பிறகு சுகந்தி பக்கம் திரும்பினார். “உன்னைக் கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே.”

சுகந்தி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

“மூணு பேட்ச்சுங்க்கா. இருபத்தேழு நாளு. ராத்திரி படுத்தா எடைதான் கனவுல வருது.”

அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, வாங்க. பத்தொம்பது நாள் இருக்குதுல்ல. ஓவனை ஏத்துங்க.”

அந்த நிமிடம் எனக்கு வந்த தெம்பை எழுத்தில் சொல்ல முடியாது. படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினேன். வயது நாற்பத்தெட்டு.

6. இரும்புச் சட்டை

சூடு புதிது என்பதால் முதலில் தோரியம் சேர்க்காமல் வெறும் லாந்தனத்தை மட்டும் வைத்துப் பார்ப்போம் என்றாள் சுகந்தி. எவ்வளவு நல்ல புத்தி. மறுநாள் காலையில் ஓவனைத் திறந்தால் பாட்டில் மூடியெல்லாம் பிதுங்கி, உள்ளே பாதிதான் இருந்தது. பொங்கின பால் சட்டி மாதிரி ஓவன் முழுக்க வெள்ளைக் கறை. யோசித்தால் காரணம் எளிது. கீழே தொண்ணூற்று ஆறில் தண்ணீர் கொதிக்காது, பிளாஸ்டிக் மூடி தாங்கும். இங்கே தொண்ணூற்று ஆறு என்பது கொதிநிலையைத் தாண்டிய சூடு. இருபத்திரண்டு வருடம் ஏமாற்றிய அதே மலை இப்போது மூடியைத் திறந்துவிட்டது.

அன்று சாயங்காலம், டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தெர்மாமீட்டர் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

“ஏ புள்ள, எங்க பாய்லர்காரனைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பானே.”

“சிரிச்சது போதுமுங்க. மூடி தொறக்காம இருக்க வழி சொல்லுங்க.”

“வழி என்ன வழி? பாட்டிலுக்கு இரும்புல ஒரு சட்டை தெச்சு, மேல மரை போட்டு ஸ்பேனர்ல முறுக்கிட்டா எங்க போயிரும்?”

ஃபேக்டரி மேனேஜரிடம் அனுமதி கேட்டு, ஒர்க்‌ஷாப் லேத்தில் துருப்பிடிக்காத எஃகில் மூன்று சட்டை கடைந்து, இரண்டாம் நாள் டிபன் பையில் போட்டு அவரே லேபுக்குக் கொண்டுவந்தார். டெஃப்லான் பாட்டில் உள்ளே கச்சிதமாக உட்கார்ந்தது. வெறும் தண்ணீரை முக்கால் பாட்டிலுக்குக் குறைவாக ஊற்றி, முறுக்கி, ஒரு நாள் முழுக்க நிஜமான தொண்ணூற்று ஆறில் வைத்தோம். சுகந்தி முன்னும் பின்னும் எடை போட்டாள். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. “அண்ணா, உங்க பேரும் பேப்பர்ல வருமுங்க” என்றாள். அவர் வெட்கப்பட்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

அன்றே தோரியம் சேர்த்த நிஜ பேட்ச் உள்ளே போனது. ஒன்பது நாளும் நான் ஓவனை விட்டு நகர்ந்தது சாப்பாட்டுக்கு மட்டும்தான். பத்தாம் நாள் பாட்டிலைத் திறந்தபோதே பொடி வேறு மாதிரி இருந்தது. முன்பு மாவு போல மிதந்து கிடக்கும், வடிகட்டவே அரை நாள் ஆகும். இது நறுக்கென்று அடியில் படிந்திருந்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் சொல்லவில்லை. வாய் வைத்தால் கெட்டுப்போகும் என்கிற பயம்.

கோயம்புத்தூர்க் கிராஃப் வருவதற்கு மூன்று நாள் ஆனது. போனைத் திறந்த சார் பதினாலரை டிகிரியில் விரலை வைத்துப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அங்கே கோடு மேஜை போலச் சமமாகக் கிடந்தது. சார் போனை சுகந்தி கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவள் அப்போதுதான் அழுதாள்.

7. கமிட்டி கேட்ட கேள்வி

ரிவ்யூவுக்கு மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் நரைமுடி அம்மா ஒருவர்தான் விடாமல் கேள்வி கேட்டார். சுகந்தி கிராஃபைக் காட்டினாள். பிறகு அவர்கள் கண்ணெதிரே சோதனையும் செய்தாள். பழைய பொடியையும் புதுப் பொடியையும் சில நாள் ஊறவைத்து வடித்த நீர் இரண்டு குழாயில் இருந்தது. இரண்டிலும் வலுவான அமிலத்தோடு ஆர்சனாஸோ என்ற சாயத்தை விட்டாள். ரோஜா நிறச் சாயம் அது. தோரியம் கசிந்திருந்தால் பச்சையாகிவிடும். பழையது கண்முன்னே பச்சையானது. புதியது ரோஜாவாகவே நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தும் ரோஜாதான்.

“ரொம்ப நல்லாருக்குது” என்றார் அந்த அம்மா. “ஆனா முதல் மூணு பேட்ச் ஏன் தோத்துப்போச்சு?”

சுகந்தி என்னைப் பார்த்தாள். “சூடு கொஞ்சம் குறைஞ்சிருச்சுங்க மேடம்” என்று மட்டும் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கதவோரம் நின்றிருந்த நான் இரண்டடி முன்னால் வந்தேன்.

“என்னாலதாங்க மேடம்.”

ப்ளஸ் ஏழு கதை முழுவதையும் சொல்லி, லேப் கோட்டுப் பையில் வைத்திருந்த சீட்டையும் எடுத்துக் காட்டினேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு பேட்ச்சும் அதே எண்பத்தொன்பதுதானா? அதே ஒன்பது நாளா? எடையெல்லாம் அச்சு அசலா ஒண்ணேதானா?”

“ஒண்ணேதாங்க மேடம்” என்றாள் சுகந்தி. “ரெண்டு ரெண்டு தடவை போட்டிருக்கேங்க.”

“அப்பறம் ஏன்ம்மா தோத்துப்போச்சுன்னு சொல்றீங்க? எண்பத்தொன்பதுல முழுசா மாறாது, தோரியம் கசியும். தொண்ணூத்தாறுல மாறும், கசியாது. இதைத் திரும்பத் திரும்ப மூணு தடவை நிரூபிச்சு வெச்சிருக்கீங்க. வேணும்னே யாரும் ஏழு டிகிரி குறைச்சு மூணு பேட்ச் போட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க. இதை மறைக்காம ஒரு அத்தியாயமா எழுதுங்க.”

ரஃபீக் சார் மேஜைக்கு அடியில் முஷ்டியை மடக்கியது எனக்குத் தெரிந்தது. பிராஜெக்ட் நீண்டது. ஆறு மாதம் கழித்து சுகந்தி அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தாள். அவள் விடாப்பிடியாகப் போட்ட எடைதான், வீணாய்ப்போன மூன்று பேட்ச்சையும் மீட்டுக் கொடுத்தது. நான் உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவை மூன்றும் அவளுடைய தப்பாகவே குப்பைக்குப் போயிருக்கும்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கருவி தப்பாகக் காட்டினால் கருவியைச் சந்தேகி. இருபத்து நாலு கருவியும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் உன்னைச் சந்தேகி. தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திற, ஏனென்றால் அதுவரை அந்தப் பழியை வேறு யாரோ சுமந்துகொண்டிருப்பார்கள்.

சீட்டுகள் எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து அவிழ்த்தேன். இருபத்து மூன்றைக் கிழித்துப் போட்டேன். கடைசி ஒன்றை சுகந்தி வாங்கி ஓவன் கதவில் ஒட்டினாள். என் முத்து முத்தான ‘+7’-ஐ ஒரே கோடாக அடித்துவிட்டு, கீழே அவள் கையெழுத்தில் எழுதினாள்: “ஊட்டியில் தண்ணீர் 93-ல் கொதிக்கும். தெர்மாமீட்டரைத் திட்டாதீர்கள்.”